சக்கர வீட்டின் அங்கணம்

அமெரிக்காவில் ஆர்.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் சக்கர வீடுகளின் அடியில் வழக்கமாக மூன்று தொட்டிகள் இருக்கும். ஒன்றில் நல்ல தண்ணீர். இன்னொன்றில் கழிவறையிலிருந்து இறங்குவது. அதைக் கறுப்பு நீர் என்பார்கள். மூன்றாவதில் பாத்திரம் கழுவியது, கைகால் கழுவியது, குளித்தது எல்லாம் சேரும். அது சாம்பல் நீர். கறுப்பு நீரைக் கண்ட இடத்தில் கொட்டக்கூடாது என்பதில் பெரிய வாதம் எழுந்ததில்லை. மலத்தின் வழியே டைஃபாய்டு பரவும் என்பது மோட்டார் வண்டி வருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. சாம்பல் நீரின் கதை வேறு. பாத்திரம் கழுவிய தண்ணீரை மரத்தடியில் வீசி ஊற்றுவது தவறென்று தொடக்ககால முகாம்வாசிகளுக்குத் தோன்றவில்லை. அந்த நீர் தரையிலிருந்து வாளிக்கும், வாளியிலிருந்து குழிக்கும், குழியிலிருந்து தொட்டிக்கும் வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம், தண்ணீர் முன்பைவிட அழுக்கானது மட்டுமல்ல. ஒரே இடத்தில் வந்து நிற்கும் வண்டிகள் பெருகிக்கொண்டே போனதுதான் முதன்மையான காரணம்.

சாலையோரத்திலிருந்து ஊர்ப் பூங்காவுக்கு

1910இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்கக் கண்காட்சியில் பியர்ஸ்-ஆரோ நிறுவனம் ‘டூரிங் லாண்டோ’ என்ற வண்டியை வைத்தது. பின்னிருக்கையை மடக்கினால் படுக்கை. ஓட்டுநர் இருக்கையின் முதுகுப் பக்கத்திலிருந்து ஒரு கழுவுதொட்டி மடங்கி இறங்கும். கழிப்புக்கு ஒரு பாத்திரம். செல்வர்களுக்கான வண்டி அது. சாதாரண மக்கள் முகாமுக்குக் கிளம்பியது ஃபோர்டு மாடல் டி வண்டியில். 1913இல் நகரும் தொகுப்பு வரிசை வந்ததும் அதன் விலை சரிந்தது. காரின் பக்கவாட்டில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு குடும்பங்கள் புறப்பட்டன. இரவு எங்கே வருகிறதோ அங்கே முகாம்: பண்ணை ஓரம், பள்ளிக்கூட மைதானம், ஆற்றங்கரை. சமைத்த இடத்திலேயே கழுவினார்கள். கழுவிய இடத்திலேயே ஊற்றினார்கள். மறுநாள் காலை வண்டி நகர்ந்துவிடும். ஒரு குடும்பத்தின் ஒரு நாள் தண்ணீரை மண் எளிதாகக் குடித்துவிடும்.

பிரச்சினை, பத்தாவது குடும்பமும் அதே ஆற்றங்கரைக்கு வந்தபோது தொடங்கியது. வேலி ஓரத்தில் குப்பையும் எச்சிலும் கிடப்பதைக் கண்ட விவசாயிகள் நிலத்தில் தடைப்பலகை வைத்தார்கள். அதே சமயம், பயணிகள் ஊருக்குள் தங்கினால் கடைகளில் செலவழிப்பார்கள் என்று வணிகர்கள் கணக்குப் போட்டார்கள். இந்த இரண்டும் சேர்ந்து நகராட்சி முகாம்களை உருவாக்கின. 1920களின் தொடக்கத்தில் மேற்கு, மத்திய மேற்கு மாநிலங்களின் ஊர்கள் பலவும் இலவச முகாம் வைத்திருந்தன. டென்வரின் ஓவர்லேண்ட் பூங்கா அவற்றில் பேர் பெற்றது. அங்கே குளியலறையும் துணி துவைக்கும் வசதியும் இருந்தன. முகாம்வாசிகளின் கழுவுநீர் சாக்கடைக் குழாயைக் கண்டது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

இலவச முகாம்கள் நெடுநாள் நீடிக்கவில்லை. மாநிலச் சுகாதாரத் துறைகள் குடிநீரையும் கழிப்பிடங்களையும் சோதிக்கத் தொடங்கின. தரம் வேண்டுமென்றால் செலவு வேண்டும். 1920களின் நடுவில் ஊர்கள் இரவுக்கு 25, 50 சென்ட் என்று கட்டணம் வைத்தன. கட்டணத்துக்கு இன்னொரு நோக்கமும் இருந்தது: வேலை தேடி அலையும் ஏழைகளை வெளியே நிறுத்துவது. சுகாதாரம் என்ற பேரில் சாதித்தவற்றில் இதுவும் அடங்கும்.

முகாம்வாசிகள் தங்களுக்குள்ளும் ஒழுங்கை வகுத்துக்கொண்டார்கள். 1919இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில், டிசோட்டோ பூங்காவில் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்ற சங்கம் உருவானது. ரேடியேட்டர் மூடியில் பற்றவைத்த தகர டப்பாதான் அவர்களின் அடையாளம். முகாமைச் சுத்தமாக வைத்திருப்பது அவர்களின் முதன்மையான நெறிகளில் ஒன்று. ஊர்க்காரர்கள் அடுத்த ஆண்டும் இடம் தர வேண்டுமென்றால் இந்த ஆண்டு விட்டுப்போகும் இடம் துப்புரவாக இருக்க வேண்டும் என்ற நடைமுறைக் கணக்கு அதில் இருந்தது.

டிரெய்லரும் வாளியும்

கூடாரத்தில் கழுவுவது வெளியில் நடக்கும் வேலை. டிரெய்லர் வந்ததும் அது உள்ளே போனது. டிட்ராய்ட்டைச் சேர்ந்த ஆர்தர் ஷெர்மன் ஒரு நுண்ணுயிரியலாளர். மருந்து நிறுவனம் நடத்தியவர். குடும்பத்தோடு முகாம் போக 1929இல் பெட்டி போன்ற ஒரு டிரெய்லரைச் செய்வித்தார். 1930இல் டிட்ராய்ட் மோட்டார் கண்காட்சியில் அதை வைத்தார். விற்பனை பெருகி, 1936க்குள் ‘கவர்டு வேகன்’ அந்தத் துறையின் மிகப்பெரிய உற்பத்தியாளராகிவிட்டது. அதே 1936இல் வாலி பயம் வெளியிட்ட ‘ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்’, சமையலறையும் சொந்தத் தண்ணீரும் மின்விளக்கும் கொண்டிருந்தது. இருபது ஆண்டுகளில் அமெரிக்கர்களில் பாதிப் பேர் டிரெய்லரில் வாழ்வார்கள் என்று பொருளாதார வல்லுநர் ரோஜர் பாப்சன் ஆரூடம் சொன்ன காலம் அது.

இந்த வண்டிகளில் தண்ணீர் உள்ளே வருவதற்கு ஏற்பாடு இருந்தது. வெளியே போவதற்கு ஏற்பாடு என்று சொல்லத்தக்கது ஒரு ஓட்டை மட்டுமே. கழுவுதொட்டியின் குழாய் தரைப்பலகையைத் துளைத்துக் கீழே நீண்டு நிற்கும். அதன் அடியில் ஒரு வாளியை வைக்க வேண்டும். வாளி நிரம்பினால் முகாமின் குழியில் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். வாளியை மறந்தவர்களும் உண்டு. வைக்க மனமில்லாதவர்களும் உண்டு. வண்டிக்கு அடியில் ஈரம் ஊறி, சோப்பு நுரையும் எண்ணெய்ப் பிசுக்கும் தேங்கி, ஈ மொய்க்கும். டிரெய்லர் முகாம்களை ஊர்கள் எதிர்த்ததற்கு இந்தக் காட்சியும் ஒரு காரணம்.

காடுகளில் பிரச்சினை வேறு விதமாகப் பார்க்கப்பட்டது. தாவர நோயியல் அறிஞர் இ. பி. மைனெக்கே, கலிஃபோர்னியாவின் செம்மரக் காடுகளில் பயணிகளின் காலடியும் வண்டிச் சக்கரமும் மண்ணை இறுக்கி வேர்களைக் கொல்வதை 1920களின் இறுதியில் ஆராய்ந்து சொன்னார். 1932இல் அவர் வகுத்த முகாம் கொள்கை இன்றைய முகாம்களின் வடிவத்தை நிர்ணயித்தது: ஒருவழி வளையச் சாலை, அதிலிருந்து பிரியும் நிறுத்துமிடம், நிலையான மேசை, நிலையான அடுப்பு. 1933 முதல் அரசின் இளைஞர் வேலைத் திட்டப் படையினர் இதே வடிவில் ஏராளமான முகாம்களைக் கட்டினார்கள். மரங்கள் பிழைத்தன. ஆனால் வண்டி நிற்கும் இடம் நிலையானதும், கழுவுநீர் விழும் இடமும் நிலையானது. முன்பு காடெங்கும் சிதறிய நீர், இப்போது ஆண்டு முழுக்க அதே மேசைக்குப் பின்னால், அதே மரத்தடியில் விழுந்தது. 1935இல் மைனெக்கே டிரெய்லர்களின் அபாயத்தைப் பற்றியே தனியாக ஒரு குறிப்பு எழுதினார்.

இதற்கு முகாம் நிர்வாகங்கள் கண்ட தீர்வு, நம்மூர் ஊராட்சிகள் கட்டும் உறிஞ்சு குழிக்கு நெருங்கியது. தண்ணீர்க் குழாயின் பக்கத்தில் குழி தோண்டி, சரளைக் கல் நிரப்பி, மேலே சல்லடை வைத்தார்கள். பாத்திர நீரை அதில்தான் ஊற்ற வேண்டும். சோற்றுப் பருக்கையும் எலும்பும் சல்லடையில் நின்றுவிடும். நீர் மண்ணுக்குள் இறங்கும். பல அமெரிக்க வனமுகாம்களில் இந்த அமைப்பை இன்றும் பார்க்கலாம்.

அந்த நீரில் என்ன இருக்கிறது

சாம்பல் நீர் பார்வைக்குச் சாதுவானது. அதில் கொழுப்பும் மாவுச்சத்தும் முடியும் தோலும் சோப்பும் இருக்கும்; குளியல் வழியாகவும் உள்ளாடை துவைப்பதன் வழியாகவும் குடல் நுண்ணுயிரிகளும் வரும். புதிதாக இருக்கும்போது நாற்றம் குறைவு. ஒரு நாள், இரண்டு நாள் தேங்கினால் ஆக்சிஜன் தீர்ந்து, நுண்ணுயிரிகள் பெருகி, கறுப்பு நீருக்குச் சளைக்காத நாற்றம் அடிக்கும். ஆகவே தொட்டியில் சேர்த்துவைத்த நீரைத் தரையில் திறந்துவிடுவது, அப்போதே கழுவிய நீரை ஊற்றுவதைவிட மோசமானது.

வேதியியலும் மாறியது. 1946இல் ‘டைட்’ சலவைத் தூள் வந்தபிறகு செயற்கைச் சலவைப்பொருள்கள் சோப்பின் இடத்தைப் பிடித்தன. அவற்றிலிருந்த ஒரு வேதிப்பொருளை நுண்ணுயிரிகளால் எளிதில் சிதைக்க முடியவில்லை; ஆறுகளில் நுரை மிதந்தது. 1965வாக்கில் அமெரிக்க உற்பத்தியாளர்கள் மக்கக்கூடிய வகைக்கு மாறினார்கள். அடுத்து பாஸ்பேட் மீது பார்வை திரும்பியது: ஈரி ஏரி போன்ற நீர்நிலைகளில் பாசி பெருகுவதற்கு அது உரமாகிறது என்று தெரிந்ததும், 1970கள் முதல் மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கட்டுப்படுத்தின. மக்கும் சோப்பு என்று புட்டியில் அச்சிட்டிருந்தாலும், அது மக்குவதற்கு மண்ணும் மண்ணிலுள்ள நுண்ணுயிரிகளும் வேண்டும். ஓடையில் நேராகக் கலந்தால் மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் கேடுதான்.

கரடி வாழும் காடுகளில் இன்னொரு காரணமும் சேரும். பன்றிக்கொழுப்பின் வாசம் ஊறிய மண் கரடிக்கு அழைப்பு. உணவு வாசத்துக்குப் பழகிய கரடி மனிதர்களைத் தேடி வரும். கடைசியில் கொல்லப்படுவது கரடிதான். யெல்லோஸ்டோன் பூங்காவின் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில், கரடிகளின் நடமாட்டத்தை முன்னிட்டு, கெட்டியான சுவர் கொண்ட வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. அந்தப் பூங்காவில் தண்ணீர், மின்சாரம், சாக்கடை மூன்றையும் வண்டியோடு இணைத்துக்கொள்ளக்கூடிய ஒரே முகாமும் அதுதான்.

தொட்டி வந்தது

இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய இருபது ஆண்டுகள் எல்லாவற்றையும் பெரிதாக்கின. 1956இல் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு தேசியப் பூங்காத் துறை, கான்ராட் விர்த் தலைமையில், ‘மிஷன் 66’ என்ற பத்தாண்டுத் திட்டத்தைத் தொடங்கி முகாம்களை விரிவாக்கியது. 1957இல் வெளியான ‘ஏர்ஸ்ட்ரீம் இன்டர்நேஷனல்’, வெளி இணைப்பு எதுவும் இல்லாமல் தனித்து இயங்கும் டிரெய்லராக விற்கப்பட்டது. 1962இல் மான்டானாவின் பில்லிங்ஸ் நகரில், யெல்லோஸ்டோன் ஆற்றங்கரையில், டேவ் டிரம் தொடங்கிய முகாம் கே.ஓ.ஏ. என்ற தொடராக வளர்ந்தது. இரவுக்கு 1.75 டாலர், வெந்நீர்க் குளியலும் சுத்தமான கழிவறையும் அதில் அடக்கம். 1966இல் ஐயோவாவின் வின்னபேகோ நிறுவனம் மோட்டார் ஹோம்களைத் தொடர் உற்பத்தி செய்யத் தொடங்கியது.

இந்த இடைக்காலத்தின் தண்ணீர்ச் சிக்கனத்துக்கு ஜான் ஸ்டைன்பெக் ஒரு சான்று. 1960இல் ‘ரோசினாண்டே’ என்று பெயரிட்ட வண்டியில் நாட்டைச் சுற்றிவந்தபோது, மூடியுள்ள பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியை ரப்பர் கயிற்றால் வண்டிக்குள் தொங்கவிட்டு, அதில் வெந்நீரும் சோப்பும் துணியும் போட்டுவிடுவார். வண்டியின் குலுக்கலில் நாள் முழுக்கத் துணி துவைபடும். மாலையில் ஓடையில் அலசிக்கொள்வார். ‘டிராவல்ஸ் வித் சார்லி’ நூலில் அவரே சொல்லும் இந்த வழக்கம் அன்று புத்திசாலித்தனமாகக் கருதப்பட்டது. இன்றைய முகாம் விதிப்படி அந்த ஓடை அலசல் தவறு.

தொழில்நுட்பம் முதலில் கவனித்தது கழிவறையை. 1950கள், 60களின் வண்டிகளில் பலவற்றில் கறுப்பு நீருக்குத் தொட்டி இருந்தது. சாம்பல் நீருக்கு இல்லை. குளியல் நீரும் சமையல் நீரும் தனிக்குழாய் வழியே வாளிக்கோ தரைக்கோ போயின. ஏர்ஸ்ட்ரீம் போன்ற முன்னணி வண்டிகளிலேயே 1970களின் நடுவில்தான் சாம்பல் நீர்த் தொட்டி வழக்கமானது. அதன்பின் குழாய் அமைப்பும் ஒரு நிலைக்கு வந்தது: கழிவறைத் தொட்டிக்கு 3 அங்குலக் குழாய், சாம்பல் தொட்டிக்குப் பெரும்பாலும் 1½ அங்குலம், இரண்டுக்கும் தனித்தனி இழுவால்வு, முடிவில் இரண்டும் சேரும் ஒரே 3 அங்குல வாய். எந்த மாநிலத்தில் வாங்கிய வண்டியும் எந்த முகாமின் குழாயோடும் பொருந்தும் என்ற நிலை இதனால் வந்தது.

டம்ப் ஸ்டேஷனில்

தொட்டி இருந்தால் அதைக் காலி செய்ய இடம் வேண்டும். 1960கள் முதல் மாநிலப் பூங்காக்களும் நெடுஞ்சாலை ஓய்விடங்களும் எரிபொருள் நிலையங்களும் டம்ப் ஸ்டேஷன்களை அமைத்தன. சரிவான சிமென்ட் தளம், நடுவில் மூடியோடு ஒரு துளை, பக்கத்தில் கழுவும் குழாய். அந்தக் குழாய் நீர் குடிக்க ஆகாது என்ற பலகை. வாஷிங்டன் மாநிலம் இவற்றின் செலவை வண்டிக்காரர்களிடமே வாங்குகிறது, ஆர்.வி. பதிவின்போது 3 டாலர் இதற்கென்று பிடிக்கப்படுகிறது.

அங்கே நடக்கும் வேலைக்கு ஒரு முறை உண்டு. கையுறை போட்டு, நெளிகுழாயின் ஒரு முனையை வண்டியின் வாயில் திருகி, மறுமுனையைத் துளைக்குள் செருக வேண்டும். முதலில் கறுப்பு வால்வைத் திறப்பார்கள். அது வடிந்து முடிந்தபின் சாம்பல் வால்வு. சோப்பு நீர் பாய்ந்து குழாயைக் கழுவிவிடும். வரிசை மாறினால் குழாய் அழுக்கோடு வண்டிக்குள் திரும்பிப் போகும். சாக்கடை இணைப்புள்ள முகாமில் நாள்கணக்கில் தங்கும்போதும் கறுப்பு வால்வைத் திறந்துவைக்கக் கூடாது. நீர் மட்டும் வடிந்து திடக்கழிவு குவியலாக இறுகிவிடும். சாம்பல் வால்வையும் காலி செய்வதற்கு ஓரிரு நாள் முன்பே மூடி நீரைச் சேர்த்துவைப்பார்கள். குழாயைக் கழுவுவதற்கு அது தேவைப்படும்.

இணைப்பில்லாத இடத்தில் நீண்டநாள் தங்குபவர்களுக்குச் சக்கரம் வைத்த சிறு தொட்டிகள் உதவுகின்றன. அவற்றின் வழக்கமான நிறத்தால் புளூ பாய் என்ற செல்லப்பெயர் நிலைத்தது. சாம்பல் நீரை அதில் இறக்கி, காரின் பின்னால் மாட்டி, நடைவேகத்தில் டம்ப் ஸ்டேஷனுக்கு இழுத்துப்போகலாம். வண்டியைக் கிளப்ப வேண்டியதில்லை.

மூன்று துறை, மூன்று விதி

1972இன் தூய நீர்ச் சட்டம் நீர்நிலைகளில் கழிவைக் கலப்பதற்குக் கடிவாளம் போட்டது. பல மாநிலங்கள் குளியல், சமையல் நீரையும் கழிவுநீர் என்றே வகைப்படுத்தின. ஆனால் கூட்டரசு நிலங்களில் விதி ஒரே மாதிரி இல்லை. நிலம் எந்தத் துறையின் கையில் இருக்கிறதோ அதைப் பொறுத்தது.

தேசியப் பூங்காத் துறையின் விதி, அதற்கென அமைத்த இடத்தைத் தவிர வேறெங்கும் வண்டியிலிருந்து கழிவை வடியவிடுவதைத் தடுக்கிறது. பொதுக் குடிநீர்க் குழாயடியில் பாத்திரமோ துணியோ கழுவுவதும் கூடாது. வனத்துறையின் விதி, அப்புறப்படுத்த வேண்டிய குப்பைகளின் பட்டியலிலேயே கழிவுநீரையும் சேர்க்கிறது. நில மேலாண்மைத் துறையான பி.எல்.எம். மட்டும் வேறு வழி. வண்டியிலிருந்து சாக்கடையும் எண்ணெயும் குப்பையும் இறக்கக் கூடாது என்று சொல்லும் அதன் விதி, ‘கழுவுநீர் நீங்கலாக’ என்று ஒரு விலக்கை வைத்திருக்கிறது. இந்த விலக்கை வைத்துக்கொண்டு எதையும் கொட்டலாம் என்பாரும் உண்டு. மாநிலச் சட்டமோ உள்ளூர் ஆணையோ அதைத் தடுத்திருந்தால் விலக்கு உதவாது.

பி.எல்.எம். நிலங்களிலேயே கூட்டம் சேர்ந்த இடங்களில் விதி இறுகியது. அரிசோனாவின் குவார்ட்ஸைட் சுற்றுவட்டாரப் பாலைவனத்துக்குக் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள். பொதுவாக பி.எல்.எம். நிலத்தில் ஓரிடத்தில் 14 நாள்தான் தங்கலாம். இவர்களோ மாதக்கணக்கில் தங்கினார்கள். 1983இல் துறை நீண்டகாலத் தங்குமிடங்களை அறிவித்தது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதிச் சீட்டோடு தங்கலாம். குவார்ட்ஸைட்டை ஒட்டிய லா போசா தங்குமிடம் சுமார் 11,400 ஏக்கர். அங்கே டம்ப் ஸ்டேஷன் உண்டு. கழிப்பிட வசதியில்லாத பகுதிகளில் தன்னிறைவு வண்டிகளுக்கு மட்டுமே இடம். தன்னிறைவு என்றால், வண்டியோடு நிரந்தரமாகப் பொருத்திய, குறைந்தது 10 காலன், அதாவது 38 லிட்டர் கொள்ளளவுள்ள கழிவுநீர்த் தொட்டி இருக்க வேண்டும். தூக்கிச் செல்லும் கழிப்பெட்டி அந்தக் கணக்கில் வராது.

இன்றைய நடைமுறை

2021இல் அமெரிக்க ஆர்.வி. தொழிற்சாலைகள் 6,00,240 வண்டிகளை அனுப்பின. அதுவரை இல்லாத எண்ணிக்கை. கோவிட் காலத்தில் முதன்முறையாக முகாமுக்குக் கிளம்பியவர்கள் அவற்றில் ஏராளம். வேன்களை வீடாக மாற்றிக்கொண்டவர்கள் பெருகினார்கள். மக்கவைக்கும் கழிவறை வந்ததால் பல வேன்களில் கறுப்புத் தொட்டியே இல்லை. கழுவுதொட்டியின் அடியில் சில காலன் கொள்ளும் பிளாஸ்டிக் கேன் ஒன்று இருக்கும். அதைத் தூக்கிப்போய் ஊற்ற வேண்டும் என்ற அளவில், 1930களின் வாளி வேறு உருவில் திரும்பியிருக்கிறது.

தொட்டி நிரம்புவதைத் தள்ளிப்போடுவதுதான் முதல் உத்தி. 40 காலன், அதாவது சுமார் 150 லிட்டர் தொட்டியை எடுத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 2.5 காலன் விழும் சாதாரண ஷவரில் 16 நிமிடத்தில் அது நிரம்பிவிடும். கப்பல்படையினரைப் போல, நனைந்ததும் நீரை நிறுத்தி, சோப்பு போட்டபின் மறுபடி திறந்தால் ஒரு குளியலைச் சில லிட்டரில் முடிக்கலாம். தட்டிலிருக்கும் எண்ணெயைக் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுவது இரண்டாவது உத்தி. தொட்டியில் கொழுப்பு உறையாது, அளவுமானியும் சரியாகக் காட்டும்.

தொட்டியில்லாமல் கூடாரத்தோடு போகிறவர்களுக்கு ‘லீவ் நோ டிரேஸ்’ அமைப்பின் நெறி வழிகாட்டுகிறது. பாத்திர நீரை வடிகட்டிப் பருக்கைகளைக் குப்பையோடு எடுத்துச் செல்ல வேண்டும். நீரை ஓடை, ஏரியிலிருந்து 200 அடி, ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளி, பரவலாக வீசி ஊற்ற வேண்டும். ஓரிரு லிட்டர் நீருக்கும் அடர்த்தியில்லாத காட்டுக்கும் பொருந்தும் நெறி இது. ஒரு வண்டித் தொட்டியின் 150 லிட்டருக்கு இது பொருந்தாது. வளர்ந்த முகாம்களில் அதற்கென உள்ள சல்லடைக் குழியையோ கழுவுதொட்டியையோ பயன்படுத்த வேண்டும். வண்டித் தொட்டிக்கு டம்ப் ஸ்டேஷன்தான் இடம். பி.எல்.எம். விலக்கு உள்ள நிலத்திலும், மாநில விதியையும் அந்தந்த நிலப்பகுதி அலுவலகத்தின் ஆணையையும் விசாரித்த பிறகே கழுவுநீரைத் தரையில் விடுவது முறை.